சன்னலோரம் ஒரு கோழிப் பை

ஒரு நகரத்தை அறிவேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அதன் கோவிலைக் கும்பிட்டவருக்கா? அதன் கடைத்தெருவில் சேலை எடுத்தவருக்கா? இல்லை, என் வயதொத்த தோழியரே, தோழரே! அதன் டவுன் பஸ்ஸில் தவறான திசையில் போய், தவறான இடத்தில் இறங்கி, சரியான வண்டி தன் கண்ணெதிரே கடந்து போவதைப் பார்த்து நின்றவருக்கே அந்த உரிமை உண்டு. நாகர்கோவிலின் மீது அவ்வுரிமையை நான் பன்னிரண்டாம் வயதில் பெற்றேன். ஒரே முற்பகலில் பெற்றேன். அதற்கு ஒரு பை சாட்சி.

குமரி இன்னும் தமிழ்நாட்டோடு சேராத காலம்; அப்போது நமக்குத் தலைநகர் திருவனந்தபுரம். எனக்கோ, அஞ்சுகிராமத்துக்கு அப்பால் வயலும் தென்னை விளையுமாகக் கிடந்த எங்கள் சிற்றூரே உலகம். எங்கள் பள்ளியில் மேடைப் பேச்சு என்றால் நான். நான் என்றால் மேடைப் பேச்சு. பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பெருமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. குளத்தங்கரைப் படித்துறையில் நின்று, எதிர்க்கரை மதிலில் மோதித் திரும்பும் என் குரலை நானே கேட்டுக் கேட்டுப் பழகியவள். தண்ணீரில் கிடந்த எருமைகள் என் முதல் அவை. அவை என்னை ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த ஆண்டுப் பூசை விடுமுறையில் நாகர்கோவிலில் பல பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பேச்சுப் போட்டி. ‘வாழத் தக்கது நாட்டுப்புறமா, நகரமா?’ என்பது தலைப்பு. எனக்கு வாய்த்தது நாட்டுப்புறக் கட்சி. எங்கள் தமிழாசிரியை நான்கு பக்கத்தில் உரை எழுதிக் கொடுத்தார். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். “நகரத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு சாண் இடம் விட்டுக்கொடுப்பானா?” இதைச் சொல்லும்போது வலக்கையால் காற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும் என்று நானே ஓர் அசைவையும் சேர்த்திருந்தேன். எருமைகளே தலை தூக்கிப் பார்த்த வாக்கியம் அது.

இதில் ஒரு சிறு இடர். நகரத்தைக் கண்டித்து முழங்கவிருந்த நான், நகரத்தில் ஒருநாள்கூடத் தங்கியதில்லை. ஆகவே போட்டிக்கு ஒரு வாரம் முன்பே வடசேரியில் இருந்த பெரியம்மாவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். உடன் வந்தவர் சித்தப்பா. கருப்பட்டி வியாபாரத்துக்காக வடசேரிச் சந்தைக்கு இடையிடையே வந்து போகிறவர். “நாகர்கோயில் எனக்கு உள்ளங்கை மாதிரி மக்கா” என்பது ஊரில் அவர் சொல்லும் வழக்கமான வார்த்தை.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்த பஸ்ஸை நீங்கள் நினைவில் கொண்டு வர வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கையைக் காட்டிய இடமெல்லாம் அதற்கு நிறுத்தம். சன்னல் வழியாக ஒரு பையையோ துண்டையோ இருக்கையில் எறிந்துவிட்டால் போதும். பிறகு ஆற அமரக் காப்பி குடிக்கலாம், எண்ணெய்க்காரரோடு வழக்குப் பேசலாம். பை ஏறினால் ஆள் ஏறியதற்குச் சமம். ஆள் வரும்வரை ஓட்டுநர் ஆரனை அடித்தபடி காத்திருப்பார். இது எங்கள் வண்டியின் எழுதாச் சட்டம். அந்த வண்டி போய்விட்டால் போயிற்று, அடுத்து மாலையில்தான். இந்த இரண்டு சட்டங்களோடுதான் சித்தப்பாவும் நானும் நகரத்துக்குள் நுழைந்தோம்.

முதல் ஐந்து நாளும் எனக்குத் திருவிழா. சந்தையில் சித்தப்பாவின் வேலை முடிந்ததும், வடசேரியிலிருந்து மணிமேடை, மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டாறு வரை போய்த் திரும்பும் சிவப்பு வண்டியில் ஏறிவிடுவோம். தோவாளைப் பிச்சிப்பூக் கூடை ஒன்று ஏறினால் வண்டி முழுவதும் மணக்கும். கோட்டாற்றில் அது இறங்கிக் கருவாட்டு ஓலைப்பெட்டி ஏறினால் அந்த மணத்துக்கு அங்கேயே முடிவு. கூரையில் நீண்டு கிடந்த மணிக்கயிற்றைக் கண்டக்டர் இழுக்கும்போதெல்லாம் என் கையும் தன்னால் உயரும். மணி ஒருமுறை அடித்தால் நின்று, இருமுறை அடித்தால் புறப்படும் அந்தப் பெரிய உயிர்ப்பொருளை ஒரு கயிற்றால் ஆள்கிறாரே என்று அவர்மேல் எனக்குப் பொறாமை. தலைமையாசிரியராக வேண்டும் என்ற என் இலட்சியம் அந்த வாரத்தில் கொஞ்சம் ஆட்டங்கண்டது.

வண்டியின் நெற்றிப் பலகையில் மலையாள எழுத்து. சித்தப்பா அதை வாசிப்பவர்போல உதட்டை அசைப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், “கோட்டாறுதானே?” என்று, தெரிந்ததைச் சரிபார்க்கும் தோரணையில் கேட்பார். அந்தத் தோரணையை அன்று நான் அறிவு என்று எண்ணினேன்.

“பட்டணத்துக்காரன்கிட்ட கவனமா இருக்கணும் பிள்ளே. கையைக் குடுத்தா மோதிரம் போயிரும்” என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் எச்சரிப்பார். என் கையில் மோதிரம் இருந்ததில்லை. ஆயினும் கையை மூடியே வைத்துக்கொள்வேன்.

போட்டி நாள் காலையில் பெரியம்மா ஒரு வெள்ளைத் துணிப் பையை எனக்கென்று எடுத்துத் தந்தாள். அதன்மேல் சிவப்பு நூலால் அவள் தைத்திருந்தது மயில். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோழி நல்லா வந்திருக்கு மதினி.”

“ஒமக்கு என்னைக்குக் கண்ணு தெரிஞ்சுது? மயிலு வேய், மயிலு!”

“மயிலுன்னா தோகை எங்கே?”

“நூலு தீந்து போச்சு” என்றாள் பெரியம்மா. அன்று முதல் அது கோழிப் பை ஆயிற்று.

அதனுள்ளே நான்கு பக்க உரை. ஐந்து முந்திரிக்கொத்து உருண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தலைமையாசிரியை முத்திரை குத்திக் கையெழுத்திட்ட கடிதம். அந்தக் கடிதம் இல்லாதவர் மேடை ஏறலாகாது என்பது போட்டியின் கண்டிப்பான விதி. பத்தரை மணிக்குப் போட்டி. மணிமேடைக்கு அருகில் மண்டபம். ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் வடசேரியில் வண்டிக்கு முன் நின்றோம்.

அன்று கூட்டம் அதிகம். அந்நாள் டவுன் பஸ்ஸில் இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான்; ஒருவரும் நிற்கக் கூடாது என்பதைக் கண்டக்டர் வேதமாகக் கொண்டிருந்தார். வாசலில் முண்டிக்கொண்டிருந்தவர்களைச் சித்தப்பா ஏளனமாகப் பார்த்தார்.

“இவனுவளுக்கு வண்டி ஏறத் தெரியல்ல. நீ பாரு” என்றார். என் தோளிலிருந்த பையை வாங்கினார். காலியாகத் தெரிந்த சன்னலோர இருக்கையில், குறி தவறாமல், எறிந்தார். “இனி என்னத்துக்கு அவசரம்? ஒரு வெத்தலை போட்டுட்டு வாறேன்.”

அவர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருக்கையில் கண்டக்டரின் மணி இருமுறை அடித்தது. வண்டி புறப்பட்டது. எங்கள் ஊர் வண்டிபோல ஆரன் அடிக்கவில்லை, எங்களைத் தேடவில்லை, கடிகாரம் சொன்னது, கிளம்பிவிட்டது. சன்னலில் கோழி எங்களைப் பார்த்தபடியே போயிற்று.

“ஓய்! பை ஏறியாச்சு வேய்! ஆளு இஞ்ச நிக்கு!” என்று சித்தப்பா ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன். வடசேரி முழுவதும் எங்களைப் பார்த்தது.

“போச்சே! இனி சாயங்காலம்லா திரும்பி வரும்!” என்று அவர் தலையில் கை வைத்தபோது என் மேடையும் கைதட்டலும் தலைமையாசிரியையின் முத்திரையும் ஒரே அடியில் இடிந்து விழுந்தன. அழுதேனா? பேச்சாளர் அழலாகாது. கண்ணில் தூசி விழுந்தது என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த வண்டியில் ஏறிக் கோட்டாற்றை நோக்கித் துரத்தினோம். மணிமேடையைத் தாண்டியதும் எதிரே ஒரு சிவப்பு வண்டி. அதன் சன்னலில் சிவப்பு நூல் கோழி! திரும்பி வந்துகொண்டிருந்தது!

“நிறுத்தும்! வண்டியை நிறுத்தும்!” என்று சித்தப்பா எழுந்து மணிக்கயிற்றையே பிடித்துவிட்டார்.

எங்கள் வண்டியின் கண்டக்டர் அவர் கையைக் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்தார். “அண்ணாச்சி, இது ஒங்க ஊரு மாட்டுவண்டியா? ஸ்டாப்புல இறங்கும்.”

மீனாட்சிபுரத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வடசேரிக்குப் போகும் வண்டியைப் பிடித்தோம். அது வடசேரியை நெருங்கும்போது, அங்கிருந்து மறுபடி கோட்டாற்றுக்குப் புறப்பட்டு வந்த கோழி, எங்களைக் கடந்து சென்றது. இந்த முறை நான் நன்றாகப் பார்த்தேன். வண்டி நிறைய ஆட்கள். என் பை இருந்த இருக்கையில் மட்டும் ஆள் இல்லை. பை மட்டும், மடங்காமல் நிமிர்ந்து, மகாராணிபோல் அமர்ந்து போயிற்று.

வடசேரியில் இறங்கியதும் சித்தப்பா மறுபடி கோட்டாற்று வண்டியை நோக்கி ஓடப் பார்த்தார். வண்டிகளின் நேரம் குறிக்கும் மரக்கூண்டுக்குள்ளிருந்து டைம்கீப்பர் தலையை நீட்டினார்.

“ஏவே! காலையிலிருந்து பாக்கேன். எதுக்கு ஓடுதீரு?”

சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தார்.

“வண்டியும் ஓடி நீரும் ஓடினா எப்பம் சந்திக்க? ஒரு எடத்துல நில்லும். அது சுத்தி வரும்.”

“சாயங்காலமா?”

“சாயங்காலமா! இன்னும் அரை மணிக்கூறுல வரும் வேய். இது டவுன் பஸ். வாறதும் போறதும்தான் அதுக்கு வேலை.”

சித்தப்பா நின்றார். அவர் அப்படி அசையாமல் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. வெற்றிலையை மெல்லவும் மறந்திருந்தார்.

வந்தது. சன்னலோரத்தில் கோழி. நான் உள்ளே பாய்ந்து பையைத் திறந்தேன். கடிதம் இருந்தது, உரை இருந்தது, முந்திரிக்கொத்து ஐந்தும் இருந்தன. கண்டக்டர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நீதானா ஏட்டி இந்தக் கோழிக்கு உடையவ? எனக்க உயிரை எடுத்துட்டு. மொதல்ல நான் எடுத்துக் கீழ வைக்கப் போனேன். பக்கத்துல இருந்த கீரைக்காரி கையைப் பிடிச்சுட்டா. ‘படிக்கிற பிள்ளைக்க பை, ஓடி வந்துச்சு, நான் பாத்தேன், எடுத்தியோ பாத்துக்கோ’ன்னா. அவ கோட்டாத்துல இறங்கையில ஏறினவருகிட்ட சொல்லி ஒப்படைச்சா. அவரு இறங்கையில அடுத்த ஆளுகிட்ட. இப்படி ஆளு மாத்தி ஆளு காவல்! ஸ்டாப்புல நிக்கவங்க என்னைத் திட்டுதாங்க, ‘இடம் இருக்கே’ன்னு. நான் என்ன செய்ய?”

“டைம்கீப்பர்கிட்ட குடுத்திருக்கலாமே” என்றார் சித்தப்பா, இன்னும் வழக்கை விடாமல்.

“கூண்டுக்குள்ள வச்சா உடையவங்களுக்குத் தெரியுமா? சன்னல்ல இருந்தால்லா கண்ணுல படும். பட்டுதா இல்லியா?”

சித்தப்பாவும் அதே வண்டியில் ஏறி அமர்ந்தார். நாங்கள் மணிமேடைக்கு வந்து சேர்ந்தபோது, அதன் கடிகாரத்தில் பத்தரை எப்போதோ கடந்திருந்தது. பையை மார்போடு அணைத்தபடி மண்டபத்துக்குள் ஓடினேன். போட்டி தொடங்கியிருக்கவில்லை! நடுவர் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். கடிதத்தைக் காட்டித் திரும்பப் பெற்று முன்வரிசையில் அமர்ந்து, என் நல்லூழை நானே மெச்சிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோட்டாற்றில் வீடு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக மேடை ஏறி, வணக்கம்கூடச் சொல்லாமல், குடையைத் தரையில் ஊன்றினார்.

“அவையோரே! தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கோட்டாற்றில் ஏற வந்த வண்டியில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. ஏறப் போனேன். ‘ஆள் உண்டு’ என்றார் கண்டக்டர். எட்டிப் பார்த்தால், அந்த ஆள் ஒரு பை! மேலே ஒரு கோழி! அடுத்த வண்டியும் நிறைந்தே வந்தது. கோழி உட்கார்ந்து வருகிறது. நான் வெயிலில் நடந்து வருகிறேன்! அந்தப் பைக்கு உடையவர் யாராக இருந்தாலும் அவரை ஒருமுறை காண வேண்டும்!”

அவை சிரித்து உருண்டது. நான் பையைப் பெஞ்சுக்கு அடியில், காலால், மெல்ல மெல்லத் தள்ளினேன். சித்தப்பா பின்னாலிருந்து என் சடையை இழுத்தார். “மூச்சு விடாதே கேட்டியா. சொன்னா பரிசும் போச்சு, மானமும் போச்சு.”

என் பெயர் அழைக்கப்பட்டது. ஏறினேன். எடுத்த எடுப்பிலேயே அவையைப் பிடித்துவிட்டேன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். வயலின் பசுமைக்கு ஒரு கைதட்டல். கிணற்று நீரின் சுவைக்கு ஒரு கைதட்டல். மூன்றாம் பக்கம் வந்தது. வலக்கையை உயர்த்தினேன். “நகரத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு சாண் இடம்…”

கை உயர்ந்தபடியே நின்றது. காற்றை வெட்ட வரவில்லை. நான் பார்த்தே இராத கீரைக்காரி ஒருத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் நடுவர் வியர்வையைத் துடைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் சித்தப்பா, நான் மறந்துவிட்டதாக எண்ணி, “விட்டுக்கொடுப்பானா, விட்டுக்கொடுப்பானா” என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். எருமைகளுக்கு முன் ஆயிரம் முறை சொன்ன சொல் அந்த அவைக்கு முன் எனக்கு வாயில் வரவில்லை; ஏனெனில் அது பொய் என்று அந்த முற்பகலில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மேடையை விட்டு இறங்கினேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை எடுத்தேன். மீண்டும் ஏறி, கோழியை அவைக்குக் காட்டினேன்.

“நடுவர் அவர்களே, நீங்கள் காண விரும்பியவள் நானே. நானும் என் சித்தப்பாவும் ஏறத் தவறிய ஒரு வண்டியில் இந்தப் பை மட்டும் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து பயணம் செய்தது. யார் பிள்ளையின் பை என்று தெரியாமல் அதற்கு இடம் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் நாகர்கோவில்காரர்கள் என்பது தெரியும். என் உரையில் அடுத்த வாக்கியம் ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. வணக்கம்.”

அவை கைதட்டியது. மண்டபம் அதிர்ந்தது. அந்த ஓசை எதிர்க்கரை மதிலிலிருந்து திரும்பி வந்த என் குரல் இல்லை.

எனக்கு அடுத்துப் பேசியவன் நகரக் கட்சி. சந்துபொந்தெல்லாம் தெரிந்த உள்ளூர்ப் பையன். தன் உரையைத் தூக்கி எறிந்துவிட்டு, “எதிரணிச் சகோதரியின் கோழியே எங்கள் முதல் சாட்சி” என்று தொடங்கினான். முதல் பரிசு அவனுக்குப் போயிற்று. என் பையைக் கொண்டே என்னை வென்றான், பாவி!

தீர்ப்புக் கூறுகையில் நடுவர் என் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளை தான் நின்ற கட்சிக்கு எதிராகப் பேசியது. விதிப்படி இதற்குப் பரிசு கொடுக்க இயலாது. ஆனால் நான் நடந்த நடைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கால்வலி பாதி குறைந்தது.”

வெளியே வந்ததும் சித்தப்பா கொதித்தார். “சொந்தக் கட்சியை இப்படிக் காட்டிக் குடுப்பியா? அறிவு உண்டா ஒனக்கு? ஊருல என்ன சொல்லுவேன்?” ஊரில் என்ன சொன்னார் என்பதைப் பின்னர் அறிந்தேன்: பட்டணத்து நடுவர் பட்டணத்துப் பிள்ளைக்கே பரிசைக் கொடுத்துவிட்டார் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். அன்று எனக்கு அது கோபம். இன்று, என் பேரன் சொல்லித் தரும் கைப்பேசியை அறிந்தவள்போல் தலையாட்டி வாங்கிக்கொள்ளும் வயதில், சித்தப்பாவின் உதடு அந்தப் பலகைக்கு முன் ஏன் அசைந்தது என்பது விளங்குகிறது. அவருக்கு நகரம் உள்ளங்கை அன்று, அச்சம். ஒரு சிறுமியின் முன் அதைக் காட்டாதிருக்க அவர் பட்ட பாடுதான் அந்த வாரம் முழுவதும் நான் கண்ட தோரணை.

மணிமேடை நிறுத்தத்தில் ஒரே நெரிசல். நாங்கள் வடசேரிக்குப் போக வேண்டும், நடுவர் கோட்டாற்றுக்கு. அவர் குடையில் சாய்ந்து நின்றிருந்தார். “காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அம்மா. இனி நடக்க முடியாது” என்றார் என்னிடம், குற்றம் சொல்லாமல்.

கோட்டாற்று வண்டி வந்தது. இருபது பேர் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். சன்னலோரம் ஓர் இருக்கை காலி. நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். பையைச் சுழற்றி எறிந்தேன். சித்தப்பாவைவிட என் குறி நன்று.

“ஏட்டி! மறுபடியுமா!” என்று அலறினார் சித்தப்பா.

உள்ளே கண்டக்டர் குனிந்து பார்த்தார். அதே கண்டக்டர். “கோழி வந்தாச்சா!” என்றார். பிறகு வாசலில் கையைக் குறுக்கே நீட்டி, “அந்த இடத்துக்கு ஆளு உண்டு” என்றார். நான் நடுவரைக் கைகாட்டினேன். அவர் குடையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறினார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

“ஐயா, உள்ளே முந்திரிக்கொத்து இருக்கு!” என்று நான் கத்தினேன்.

இரண்டு மணி அடித்தது. வண்டி புறப்பட்டது. சித்தப்பாவின் கால் தானாக ஓட எடுத்தது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

“ஓடாதீங்க சித்தப்பா. சுத்தி வரும்.”

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து, வடசேரிப் பக்க நிறுத்தத்தில், என் பக்கத்தில் வந்து நின்றார். அருகில் நின்றவரிடம் திரும்பி, “இது டவுன் பஸ் கேட்டீரா. வாறதும் போறதும்தான் அதுக்கு வேலை” என்று விளக்கினார். இந்த முறை அவருக்கு அது உண்மையிலேயே தெரியும்.

வந்தது. வண்டி நிறைய ஆட்கள். சன்னலோரத்தில், ஒருவரும் அமராத ஓர் இருக்கையில், எங்கள் திசை நோக்கிக் கோழி. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் அதன்மேல் கை வைத்துக் காவல் இருந்தார். சித்தப்பா என்னை மடியில் இருத்திக்கொண்டு அமர்ந்து பையைத் திறந்தார். கடிதம் இருந்தது. நான்கு பக்க உரை இருந்தது. முந்திரிக்கொத்தில் மட்டும் இரண்டு குறைந்திருந்தது. மிச்சம் மூன்று: சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மயிலைத் தைத்தவளுக்கு ஒன்று.